காட்டுக்கும் அண்டைவீட்டார் வேண்டும்

கோத்தா டாமன்சாரா என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? நண்பர்கள் பத்துப் பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். பேரங்காடி, எம்ஆர்டி நிலையம், நள்ளிரவிலும் கூட்டம் குறையாத மாமாக் கடை, கார் நிறுத்த இடம் கிடைக்காத கடைவீதி என்று வரிசையாகச் சொன்னார்கள். ஒருவர்கூட காட்டைச் சொல்லவில்லை.

அங்கே ஒரு காடு இருக்கிறது. நகராட்சி புல் வெட்டிப் பராமரிக்கும் பூங்காவைச் சொல்லவில்லை. மெராந்தி மரங்களும் பிரம்புப் புதர்களும் ஓடைகளும் உடும்புகளும் உள்ள அசல் மழைக்காடு. பரப்பளவு சுமார் 321 ஹெக்டேர், அதாவது 800 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. செக்‌ஷன் 9 வீட்டு வரிசைகள் முடியும் இடத்தில் அது தொடங்குகிறது. பெயர் ‘கோத்தா டாமன்சாரா சமூகக் காட்டுப் பூங்கா’. நிலம் சிலாங்கூர் மாநில வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஆனால் பாதைகளைச் செப்பனிடுவதும், மரக்கன்று நடுவதும், குப்பை பொறுக்குவதும், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடப்பதும், காட்டுக்கு ஆபத்து என்றால் முதல் குரல் கொடுப்பதும் அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள். சம்பளம் கிடையாது. சனிக்கிழமை காலைத் தூக்கத்தையும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

வானொலிக்காரியான எனக்குச் சத்தம்தான் தொழில். ஒலிப்பதிவுக்காகத்தான் முதலில் அங்கே போனேன். அதன் பிறகு, பதிவுக் கருவியை வீட்டில் வைத்துவிட்டும் போகத் தொடங்கிவிட்டேன்.

நூற்றுக்கு ஐந்துகூட மிஞ்சவில்லை

இந்தக் காட்டின் பழைய பெயர் சுங்கை பூலோ காப்புக் காடு. 1898ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், அரசிதழில் பதிவானது. அப்போது அதன் பரப்பு 6,590 ஹெக்டேர். அதன் பின் நூறு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக அதை வெட்டி எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரணம் இருந்தது. சாலை வேண்டும், வீடு வேண்டும், ஊர் வளர வேண்டும். காட்டை அழிக்கிறோம் என்று யாரும் சொல்லிக்கொண்டு வரவில்லை. இந்த ஒரு மூலைதானே என்றுதான் வந்தார்கள். ஒரு நூற்றாண்டு முழுக்க மூலைகளைக் கழித்த பிறகு கணக்குப் பார்த்தால், மிஞ்சியது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.

அந்த மிச்சத்துக்கும் ஆபத்து என்று தெரிந்தபோதுதான் குடியிருப்பாளர்கள் ஒன்று திரண்டார்கள். மனு எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். மலேசிய இயற்கைக் கழகம் போன்ற அமைப்புகளும் தோள் கொடுத்தன. 1940இலிருந்து இயங்கும் கழகம் அது. பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு, 2010இல் இந்த 321 ஹெக்டேரும் நிரந்தரக் காப்புக் காடாக அரசிதழில் பதிவானது. கோத்தா டாமன்சாரா சமூகக் காட்டுக் கழகம் என்ற பெயரில் தொண்டூழியர்கள் இயங்குகிறார்கள்.

சனிக்கிழமை காலை ஏழரை மணி

தொண்டூழியம் என்றதும் நான் கற்பனை செய்தது வேறு. ஒரே நிறத்தில் டி-சட்டை, பதாகை, மரக்கன்றோடு ஒரு படம், பிறகு நாசி லெமாக் பொட்டலம். இங்கே பொட்டலம் மட்டும்தான் பொருந்தியது.

நான் சேர்ந்துகொண்ட குழுவில் எட்டுப் பேர். அறுபதைக் கடந்த ஒரு சீன அங்கிள் கையில் பாராங் வைத்திருந்தார். இரவு வேலை முடித்து நேராக வந்த மலாய்த் தாதி ஒருவர், கல்லூரி மாணவர்கள் மூவர், கணினித் துறையில் வேலை செய்யும் ஒரு தம்பதி. இவர்களோடு, லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவர். எல்லாருக்கும் அவர் ‘அண்ணே’. சீன அங்கிளுக்கும் அவர் ‘அண்ணே’தான். வயதில் மூத்தவர் அங்கிள் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அன்றைய வேலை தண்ணீரைத் திருப்பிவிடுவது. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது அல்லவா? காட்டுப் பாதையின் முதல் எதிரி மழைதான். நம் ஊர் மழை சரிவில் இறங்கும்போது, மனிதர்கள் மிதித்து இறுகிய பாதையையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். இரண்டு மாதம் விட்டால் பாதை நடுவில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழும். பள்ளத்தைத் தவிர்க்க நடப்பவர்கள் ஓரமாகப் போவார்கள். அந்த ஓரமும் சேறாகும். இன்னும் ஓரமாகப் போவார்கள். ஓர் ஆள் நடக்கும் தடம் லாரி போகும் அகலத்துக்கு விரியும். அத்தனை அகலத்திலும் ஒரு நாற்றுகூட முளைக்காது.

இதற்கு மருந்து எளிது. இருபது அடிக்கு ஒரு முறை, பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு சிறு கால் வெட்ட வேண்டும். தண்ணீர் வேகம் பிடிக்கும் முன்னே பக்கத்துச் சருகுக்குள் இறங்கிவிடும். ஆனால் அடுத்த பெருமழையில் அந்தக் கால் தூர்ந்துவிடும், மறுபடி வெட்ட வேண்டும். “இதுக்கு முடிவே இல்லையா அண்ணே?” என்று கேட்டேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “வீட்டுல பாத்திரம் கழுவுறதுக்கு முடிவு இருக்காம்மா?”

ஒரு திருப்பத்தில் எனக்கு முன்னே போன தாதி நின்று, கை நீட்டி, “ஹத்தி-ஹத்தி, லிச்சின்” என்றார். பார்த்து வா, வழுக்கும். அன்று நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான். யார் முதலில் அந்த இடத்தைக் கடந்தாலும் நின்று, பின்னால் வருபவருக்குச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

வேலை இதோடு முடிவதில்லை. புயல்காற்றில் பாதை மேல் விழுந்த மரத்தை அறுத்து நகர்த்துவது, மங்கிப்போன வழிகாட்டிப் பலகையை மாற்றுவது, வழி தவறியவர்களைத் தேடிப் போவது என்று பட்டியல் நீளும். காட்டின் திறந்த வெட்டவெளிகளில் ‘ரெசாம்’ என்ற பெரணி அடர்த்தியாக மூடிக்கொள்ளும். அதன் கீழே வெளிச்சம் புகாது, வேறு எந்த விதையும் தலை தூக்காது. அதை வெட்டி விலக்கி, நாட்டு மரக்கன்றுகளை நடுகிறார்கள். நடுவது சுலபம், ஓர் அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு கொடி சுற்றாமல், களை மூடாமல், கன்று தன் காலில் நிற்கும் வரை வந்து வந்து பார்ப்பதுதான் வேலை. நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போன கன்றுகளின் கதி என்ன ஆகும் என்பது இவர்களுக்குத் தெரியும்.

என் அம்மா காட்டுக்கு வந்த நாள்

மூன்றாம் முறை போகும்போது அம்மாவையும் அக்கா பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகளுக்கு ஒன்பதும் பதினொன்றும் வயது. நுழைவாயிலில் இறங்கியதுமே சின்னவன் கேட்ட முதல் கேள்வி, “சித்தி, இங்க வைஃபை இருக்கா?”

அம்மா பிறந்து வளர்ந்தது ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, குடும்பம் நகரத்துக்கு வந்தபோது அம்மாவுக்கு இருபது வயது. அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் அடுக்குமாடி வாழ்க்கை. தோட்டத்தைப் பற்றி அம்மா அதிகம் பேசியதில்லை. பேசாததற்குக் காரணம் இருந்தது. நகரத்தில் ‘எஸ்டேட் ஆளு’ என்பது ஒரு வசவு. நாகரிகம் தெரியாதவர் என்று அதற்குப் பொருள். நம்மவர்களே நம்மவர்களைச் சொல்லும் வசவு அது.

அன்று சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளை அம்மா நிறுத்தினார். காலுறையை இழுத்து, காற்சட்டை நுனியை அதற்குள் சொருகிவிட்டார். கைப்பையிலிருந்து ஒரு சவர்க்காரக் கட்டியை எடுத்து, காலுறை மேல் அழுத்தித் தேய்த்தார். “அட்டை ஏறாது. பாட்டி பொயிலைத் தண்ணி பூசுவாங்க. இப்பப் பொயிலைக்கு எங்க போறது?” என்றார்.

பத்து நிமிடத்தில் அம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஈரமான வேரின் மேல் கால் வைக்காமல் அதைத் தாண்டிப் போகச் சொன்னார். செடியைப் பிடிக்கும் முன் அதில் முள் இருக்கிறதா, எறும்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். கீழே விழுந்து கிடந்த மரத்தைத் தாண்டும்போது, மறுபக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்த பிறகே காலை வைக்கச் சொன்னார். பிரம்புக் கொடி ஒன்றைக் காட்டி, “பள்ளிக்கூடத்துல வாத்தியார் கையில இருந்துச்சே ரோத்தான், அது இதுதான்” என்றதும் பெரியவள் வாயைப் பிளந்தாள். அதுவரை ரோத்தான் கடையில் விளைகிறது என்று நினைத்திருப்பாள் போலும்.

சீன அங்கிள் இதையெல்லாம் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஓடைக்கரையில் உட்கார்ந்தபோது, மலாயில் அம்மாவிடம் கேட்டார்: “காக்கா, நீங்கள் எந்தத் தோட்டம்?” அம்மா பெயரைச் சொன்னார். அவருக்கு அந்த இடம் தெரிந்திருந்தது. பக்கத்துப் புதுக்கிராமத்தில் பிறந்தவராம். அரைமணி நேரம் இருவரும் ஆறு, மீன், காட்டுப் பன்றி, மழைக்காலம் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். நாற்பது ஆண்டுகளாக மறைத்து வைத்த ஊரின் பெயரை அம்மா ஓர் அந்நியரிடம் அவ்வளவு சத்தமாகச் சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன்.

வானொலியில் ‘நம் பாரம்பரியம்’ என்று மாதம் ஒரு நிகழ்ச்சி செய்கிறோம். கோலம், உணவு, சடங்கு எல்லாம் வரும். அட்டைக்குச் சவர்க்காரமும் பாரம்பரியம்தான் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை.

மெராந்திக்கும் குங்கிலியத்துக்கும் உறவு

இந்தக் காட்டில் உயர்ந்து நிற்கும் மெராந்தி மரங்களின் குடும்பத்தோடு நமக்குப் பழைய பழக்கம் உண்டு. பூசையில் புகை போடும் குங்கிலியம் இந்தக் குடும்பத்து மரங்களின் பிசின்தான். மலாய்க்காரர்கள் அந்தப் பிசினை ‘டாமார்’ என்கிறார்கள். பந்தம் கொளுத்தவும் படகின் இடுக்கை அடைக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள்.

இந்த மரங்களின் காய்க்கு இறக்கை உண்டு. உயரத்திலிருந்து காற்றாடி போலச் சுழன்று இறங்கும். பிள்ளைகள் ஒன்றைக் கையில் எடுத்து மேலே வீசினால் அன்றைய நடை முழுக்க அதே விளையாட்டுத்தான். ஆனால் இவை ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, காட்டிலுள்ள மரங்கள் பலவும் சேர்ந்தாற்போல் பூத்துக் காய்க்கும். விழுந்த விதைக்குப் பொறுமை கிடையாது. சில வாரங்களுக்குள் முளைத்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துப்போகும். நெல்லைப் போலவோ பயறைப் போலவோ டப்பாவில் போட்டு அடுத்த வருடத்துக்கு வைக்க முடியாது.

இதன் பொருள் என்ன? இந்தக் காட்டை வெட்டிவிட்டு, பிறகு வேறு இடத்தில் நட்டுக்கொள்ளலாம் என்று சொல்வது சுலபம். ஆனால் விதை வங்கி இங்கே தாய்மரம்தான். தாய்மரம் போனால் விதையும் போயிற்று. சுற்றிலும் ஊர் சூழ்ந்த இது போன்ற ஒரு காட்டுக்கு வேறெங்கிருந்தோ விதை பறந்து வரவும் வழியில்லை.

‘நிரந்தரம்’ எத்தனை நாள்?

அரசிதழில் பதிவாகிவிட்டதே, இனி என்ன கவலை என்றுதான் நானும் அண்ணனிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், சட்டத்தைப் படித்துப் பார்க்கச் சொன்னார். படித்தேன்.

நம் நாட்டில் நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கின்றன. 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி மாநில அரசு ஒரு காட்டை நிரந்தரக் காப்புக் காடாக அறிவிக்கலாம். அதே சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, அந்தக் காட்டின் பயன் முடிந்துவிட்டது, அதைவிட அதிகப் பொருளாதாரப் பயன் தரும் வேறொன்றுக்கு நிலம் தேவை என்று கருதினால், அந்த நிலையை நீக்கவும் செய்யலாம். ‘நிரந்தரம்’ என்ற சொல்லின் ஆயுள் அவ்வளவுதான்.

சிலாங்கூர் மக்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் பிடி இருந்தது. காப்புக் காட்டின் நிலையை நீக்கும் முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்று 2011இல் இம்மாநிலம் சட்டத் திருத்தம் செய்தது. பிறகு 2022இல் நாடாளுமன்றமும் அதே திசையில் வனச் சட்டத்தைத் திருத்தியது.

இந்தப் பிடி போதுமா என்பதற்கு கோலலங்காட் ஒரு பாடம். கோலலங்காட் வடக்குக் காப்புக் காடு ஒரு கரிச் சதுப்புக் காடு. தெமுவான் பூர்வகுடியினரின் கிராமங்கள் அதை ஒட்டி இருக்கின்றன. அதை மேம்பாட்டுக்கு எடுக்கும் திட்டம் 2020இல் வெளியானபோது ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். அப்படியிருந்தும் அதில் 536 ஹெக்டேருக்கு மேல் காப்பு நிலை நீக்கப்பட்டது என்ற செய்தி 2021 ஆகஸ்டு இறுதியில் வெளிவந்தது. மீண்டும் கொதிப்பு. பூர்வகுடியினர், இயற்கை அமைப்புகள், சட்டமன்ற உறுப்பினர்கள், சாதாரணக் குடும்பங்கள் என எல்லாப் பக்கமும் குரல் எழுந்தது. செப்டம்பர் 8ஆம் தேதி மாநில அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது.

சட்டம் கதவைத் திறந்து வைக்கிறது. அந்தக் கதவில் யார் வந்து நிற்கிறார்கள் என்பதுதான் மீதியைத் தீர்மானிக்கிறது. கால்வாய் வெட்டும் எட்டுப் பேரின் வேலைக்கு உண்மையான பொருள் இங்கேதான் எனக்குப் பிடிபட்டது. ஆளில்லாத காட்டை, சும்மா கிடக்கும் நிலம் என்று காகிதத்தில் எழுதிவிடலாம். வாரந்தோறும் பிள்ளைகளும் பெரியவர்களும் நடக்கும் காட்டை அப்படி எழுதுவது கடினம். பாதையைச் செப்பனிடுவது காட்டுக்குச் சாட்சிகளைச் சேர்ப்பது போன்றது.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மனிதர்கள் அதிகம் வந்தாலும் காட்டுக்குச் சுமைதான். கொவிட் காலத்துக்குப் பிறகு மலையேற்றம் பலருக்குப் பிடித்த பொழுதுபோக்காகிவிட்டது. பாதை தேய்கிறது, பிளாஸ்டிக் புட்டி பெருகுகிறது, கைப்பேசியில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு நடப்பவர்களும் வருகிறார்கள். யாரும் வராவிட்டால் காட்டைக் கேட்க நாதியில்லை, எல்லாரும் வந்தால் காடு தாங்காது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தொண்டூழியர்கள் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். அவர்களில் பலருக்கு வயதாகிறது என்பதும் உண்மை.

நம் பிள்ளைகள் எங்கே?

நான் போன நாள்களில் தமிழ் முகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மலையேறும் நம் இளைஞர்கள் நிறையவே இருக்கிறார்கள், உச்சியில் எடுத்த படங்களைப் பார்க்கிறோம். ஏறி இறங்கிய பாதையைச் செப்பனிட வருபவர்கள் குறைவு. நேரமில்லை என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். வேலை, போக்குவரத்து நெரிசல், பிள்ளைகளின் டியூஷன் என்று எல்லாமே உண்மைதான். ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, மூன்று மணி நேரம் என்பது ஒரு திரைப்படமும் அதற்குப் போய்வரும் நேரமும்தான்.

நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, தோட்டத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டவை. ஒரு காலத்தில் அந்தப் பிள்ளைகள் காட்டைத் தாண்டித்தான் பள்ளிக்கு வந்தார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப் போகப் பெற்றோரின் கையெழுத்தும் பேருந்தும் தேவைப்படுகின்றன. தேவைப்படட்டும். பள்ளிகளில் இயற்கைக் கழகம் அமைக்க மலேசிய இயற்கைக் கழகம் உதவுகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டால் போதும்.

போக நினைப்பவர்களுக்கு

கோத்தா டாமன்சாரா எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி வாடகைக் காரில் செக்‌ஷன் 9 நுழைவாயிலுக்குப் போகலாம். காலை சீக்கிரமே போங்கள், பிற்பகலில் மழையும் இடியும் வாடிக்கை. பாதைகள் பல உண்டு. தீகா புத்ரி பாதையில் ஏற்றம் அதிகம், முதல் முறை போகிறவர்கள், சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் ஓடையோரப் பாதைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். நடைபயண அனுமதி குறித்து வனத்துறையின் நடப்பு விதிகளைப் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், எந்தப் பாதையில் போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தண்ணீர், பிடிமானமுள்ள சப்பாத்து, ஒரு காலிப் பை, இவை போதும். பை எதற்கு என்றால், திரும்பி வரும்போது உங்கள் குப்பையோடு இன்னொருவர் போட்ட புட்டியையும் எடுத்து வரலாம். குரங்குகளுக்குத் தின்னக் கொடுக்காதீர்கள். காதுக்கருவியைக் கழற்றி வையுங்கள். வானொலியில் வேலை செய்பவள் சொல்கிறேன், அங்கே கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

வீட்டில் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். முட்டி வலி என்பார்கள், எனக்கென்ன காட்டில் வேலை என்பார்கள். சமதளப் பாதையில் பத்து நிமிடம் நடந்தால் போதும். பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் விட்டுவிட்டு நீங்கள் சற்றுப் பின்தங்கி நடங்கள்.

அம்மா இப்போது மாதம் ஒரு முறை என்னோடு வருகிறார். மண்வெட்டியைத் தொட அண்ணன் விடுவதில்லை. அதனால் நாற்றங்கன்றுகளுக்குக் களை எடுக்கிறார். போன முறை புதிதாக வந்த கல்லூரி மாணவி ஒருத்தி, எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று தெரியாமல் விழித்தாள். அம்மா அவள் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு இலையாகத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். “ஆன்ட்டி, இதெல்லாம் எங்க படிச்சீங்க?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“எஸ்டேட்டுல” என்றார் அம்மா, தலை நிமிராமல், அடுத்த களையைப் பிடுங்கிக்கொண்டே.